ஐம்பதுக்கு ஐம்பது

கணினிப் பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கீறலக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் அவள் தலை தெரிந்ததும் பெயின்ட் பிரிவில் பேச்சு சட்டென்று அடங்கும். அதில் இருந்தே தெரிந்துகொண்டாள். கோபம் வரவில்லை. பதினாலு வருஷமாகக் கீறல் தேடிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

மற்றவர்கள் எல்லாம் வேலை பார்க்கிறார்கள். அவளுக்குப் பார்ப்பதே வேலை. கணினியில் விளையாடுவதைப் பெரிய காரியமாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் வாங்கும் பெட்டிகள் அவை. சாதாரணப் பெட்டி என்றால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடலாம். இது மேசைமேல் கண்ணுக்கு நேரே உட்கார வேண்டியது. பக்கத்தில் கண்ணாடி, முன்னால் சல்லடை, உள்ளே வண்ண விளக்குகள். அதற்குள் என்ன கருவி போகப்போகிறது, எத்தனை வேகம் என்பதெல்லாம் அவள் தலைவலி இல்லை. அவளிடம் வருவது காலிப் பெட்டி. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஆகும், ஆகாது என்று இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். "நீங்க கேம் ஆடுவீங்களா மேடம்?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். "செருப்புக் கடைக்காரரு எல்லாச் செருப்பையும் போட்டுக்கிட்டா நடக்கிறாரு?" என்பாள்.

புது மாதிரி வந்தாலும் முதலில் அவளிடம்தான் வரும். வடிவம் வரைகிற மூன்று பையன்கள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

"இது மூஞ்சி ஏன் இப்படி முறைக்குது?" என்று கேட்டாள் ஒருமுறை.

"கேமிங்னா கொஞ்சம் கோபமா இருக்கணும் மேடம்."

"விளையாட வர்றவன் கூடவே சண்டை போடுமா? சரி, இந்தச் சாய்வுக் கோடு எங்க போகுது?"

"சும்மா ஸ்டைலுக்கு மேடம்."

"போற எடம் தெரியாத கோடு தூசி சேக்கத்தான் ஆகும். பட்டனும் சேத்துல விரலை அமுக்குற மாதிரி இருக்கு. அமுங்கினது விரலுக்குத் தெரியணும்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப்போவார்கள். அடுத்த முறை வரும்போது கோடு இருக்காது. பெட்டியும் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் முணுமுணுப்பு.

அவள் பார்க்கும் அறை இரண்டாம் மாடியின் நட்டநடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெயில் ஏறி இறங்கினால் பெட்டியின் நிறமும் ஏறி இறங்கும் என்பதால் வெளிச்சம் முழுக்க விளக்குதான், காலையிலும் மாலையிலும் ஒரே அளவு. நான்கு சுவரும் கூரையும் சாம்பல் நிறம். அவள் மேலே போட்டுக்கொள்ளும் அங்கியும் சாம்பல்தான். உடையின் நிறம் கண்ணாடியில் விழுந்து கண்ணை ஏமாற்றக் கூடாதாம். தரையில் நாடாவால் இரண்டு பாதம் ஒட்டியிருந்தது. அங்கேதான் நிற்க வேண்டும். அங்கிருந்து மேசை விளிம்பு இரண்டடி. மேசையிலும் பெட்டியின் முன்கால் படவேண்டிய இடத்தில் ஒரு நாடா. ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடி. முன்பக்கம், கண்ணாடி, மறுபக்கம், மேல்பக்கம். மணி அடித்தால் திருப்ப வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போகிறவளுக்கு மழை பெய்ததும் நின்றதும் அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள். அவள் அதைச் சம்பளத்துக்குச் செய்தாள். சிக்கல் என்னவென்றால், ஐந்தரைக்கு மணி அடித்தபிறகும் கண் வேலையை நிறுத்தாது. நாத்தனார் புது வீடு கட்டி ஆசையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். "வீடு நல்லா இருக்கு. அந்தக் கதவுதான் கீழே ஒரு நூல் எறங்கியிருக்கு" என்று இவள் சொல்லிவைக்க, நாத்தனார் எட்டு மாதம் பேசவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலர் கோணலாகத் தைத்திருந்தால் இறங்கும்வரை இவளுக்கு நிம்மதி இருக்காது.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அவள் புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அந்த அச்சகம் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு ஊருக்கு இடம் மாறியது. மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயமாக இருந்ததால் அவளையும் அங்கேயே சேர்த்துவிடலாம், அம்மா மூன்று மாதத்தில் வந்துவிடுவாள் என்று பேசி முடிவெடுத்தார்கள். அந்த ஊரில் இதே கம்பெனிக்கு ஒரு விற்பனைக் கூடம் உண்டு. அங்கே அவளுக்கு ஓர் இடமும் உண்டு. மாற்றல் உத்தரவுகூடக் கையெழுத்தாகிவிட்டது. அடியில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: மாற்று ஆள் தயாரானதும் நடைமுறைக்கு வரும்.

மூன்று மாதம் என்றது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்ப வேண்டும். மகளின் தலையைப் பின்னிவிடுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும். வேலையை உதறிவிட்டுப் போய்விடலாமே என்று அண்டை வீட்டாருக்குச் சொல்வது சுலபம். பெட்டியின் விளிம்பை மட்டும் பார்த்துப் பதினாலு வருஷம் கழித்த நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு வேறு எவர் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? இரண்டு சம்பளம் இருந்தால்தான் வீடு ஓடும் என்பது அவள் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மாற்று ஆள் தயாராவது என்றால் என்ன என்பதை, பெட்டிகளை மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர் கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. ஆகுமா ஆகாதா என்று இழுபறியாக இருக்கும் ஐம்பது பெட்டிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அவளும் புது ஆளும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். ஐம்பதில் குறைந்தது நாற்பத்தைந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தப்பு புது ஆளுடையது. அளவுகோல் அவள்தான். அவளை அளவுகோலாக யார் வைத்தார்கள் என்று கேட்டால், பதினாலு வருஷத்துக்கு முன் வந்த ஒரு நிபுணர் அவளோடு சேர்ந்து பன்னிரண்டு பெட்டி பார்த்தார், பலே என்று கைகுலுக்கினார், சாப்பிடப் போய்விட்டார். அதோடு சரி.

முதலில் வந்தது போட்டோ ஸ்டூடியோவில் இருந்த ஒரு பெண். முப்பத்தெட்டு வாங்கினாள். அடுத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நாற்பத்தொன்று. மூன்றாவதாக வந்தவன் பரீட்சை வரைக்கும் இருக்கவில்லை. "இந்த ரூம்ல ஒரு மாசம் இருந்தா எனக்கு என் மூஞ்சியே மறந்துடும்க்கா" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் போனவன் போனவன்தான். அவன் போன கதவையே அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவதாக வந்தவர் பாலிஷ்காரர். ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் மரச்சாமான் கடைகளுக்கு பாலிஷ் போட்டவர். வாசனை நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் விட்டுவிட்டு வந்திருந்தார். பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரம். அதுவரை பெட்டிகளை அவள் மேசைமேல் தூக்கி வைக்கும் தற்காலிக ஆள். அதிகம் பேசமாட்டார். பெட்டியைத் தூக்கும்போதே உள்ளங்கையால் விளிம்பைத் தடவிவிட்டு, "இங்க ஒரு பிசிறு இருக்கு மேடம்" என்பார். கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்தால் இருக்கும். இந்த ஆளை விட்டால் நமக்கு விடிவு இல்லை என்று அவளுக்கு முதல் வாரத்திலேயே தோன்றிவிட்டது.

பரீட்சைக்கு எடுத்த ஐம்பதும் மீன்தொட்டி. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அது மீன்தொட்டிதான். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி. இரண்டும் சந்திக்கும் மூலையில் தூண் கிடையாது, கண்ணாடியும் கண்ணாடியும் நேரே ஒட்ட வேண்டும். அந்த இடுக்கு மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் ஒரே அளவாக இருந்தால் பெட்டி ராஜா மாதிரி இருக்கும். மயிரிழை விலகினாலும் உள்ளே இருக்கும் விளக்கு அந்த வழியாக ஒழுகும். விலை உயர்ந்த பெட்டி ஒரு நொடியில் மலிவாகத் தெரியும். எந்த விலகல் மலிவு, எது பரவாயில்லை என்பதுதான் அவளுடைய வித்தை.

பாலிஷ்காரர் முப்பத்தொன்பது வாங்கினார்.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரைத் தேற்றவும் தெரியவில்லை. ஒத்துப்போகாத பதினொரு பெட்டிகளையும் எடுத்து வைத்து, எங்கே கோட்டை விட்டார் என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறையாவது தேறுவார் என்று மேலாளரிடம் அனுமதி வாங்கினாள். மறுநாள் முதல் பெட்டி மேசைக்கு வந்தது. அவள் ஆகாது என்று எழுதியது. அவர் ஆகும் என்று எழுதியது.

"இதுல பாருங்கண்ணே," என்று ஆரம்பித்தாள். முன்பக்கம் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிட்டப் போய், குனிந்து, தலையைச் சாய்த்து எல்லாம் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நான் இதுல என்னத்தப் பாத்தேன்?" என்று கடைசியில் அவரிடமே கேட்டாள்.

"தெரியலையே மேடம்," என்றார் அவர், மரியாதையாக.

பதினொன்றில் ஏழு பெட்டிகளுக்கு அவர் எழுதியதுதான் சரி என்று பட்டது. சீட்டை எல்லாம் மூடி வைத்துவிட்டு, பெட்டிகளின் எண்கள்மேல் காகிதம் ஒட்டி, ஐம்பதையும் கலைத்துக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு நாள் உட்கார்ந்து, இல்லை, நின்று, முதலில் இருந்து பார்த்தாள். பிறகு தன் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். அவளோடு பாலிஷ்காரர் ஒத்துப்போனது முப்பத்தொன்பது. அவளோடு அவளே ஒத்துப்போனது முப்பத்தேழு.

காரணமும் புரிந்தது. மோசமான பெட்டி ஒன்று வந்துபோனால் அடுத்து வரும் சுமார் பெட்டி அழகாகத் தெரிகிறது. சுத்தமான பெட்டிக்குப் பின்னால் வந்தால் அதே பெட்டி அசிங்கம். பெட்டி மாறவில்லை, வரிசைதான் மாறியது. அப்படியென்றால் இந்தப் பதினாலு வருஷத்தில் அவள் ஆகாது என்று உடைக்கச் சொன்னவை எத்தனை? பெயின்ட் பிரிவில் அவளிடம் திட்டு வாங்கி அழுதவர்கள் எத்தனை பேர்? வெட்கமாக இருந்தது அவளுக்கு. நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியிலேயே ஒரு சந்தோஷமும் எட்டிப்பார்த்தது. அளவுகோலே ஆடுகிறதென்றால் அந்த நாற்பத்தைந்துக்கு என்ன அர்த்தம்? பாலிஷ்காரரை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பலாம் அல்லவா?

இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் அவளைவிட ஆறேழு வயது சின்னவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் கஷ்டம், கத்தக்கூட முடியாது. அவர் சீட்டுகளை இரண்டு தரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யாருகிட்டயாவது காட்டினீங்களா மேடம்?"

"பாலிஷ்காரருக்குத் தெரியும் சார்."

"அவரோட இருக்கட்டும். உங்க கண்ணை நம்பித்தான் வாடிக்கைக் கம்பெனிக்காரங்க நம்மகிட்ட பொட்டி வாங்குறாங்க. அந்தக் கண்ணுக்கே அந்தக் கண்ணு ஒத்துப்போகலைன்னா நான் அவங்ககிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுறது?"

"அதான் சார் சொல்றேன். அவரு என்னை விட நல்லாப் பாக்குறாரு. அவரைப் போட்டுட்டு..."

"எதை வெச்சு நல்லாப் பாக்குறாருன்னு சொல்றீங்க? உங்களை வெச்சுத்தானே? நீங்களே சரியில்லைன்னா அவரு நல்லாப் பாக்குறாருன்னு யாரு சொல்றது?"

அவள் சீட்டுகளை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். பதில் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது உதவிதான். "மொதல்ல உங்களுக்கும் உங்களுக்கும் நாப்பத்தஞ்சு வரட்டும் மேடம். ரெண்டு தடவை பாருங்க, நடுவுல ஒரு வாரம் விட்டு. அது வந்துட்டா சீட்டை அவங்களுக்கு அனுப்பிட்டு, உங்க வார்த்தையை வெச்சே பாலிஷ்காரரை உட்கார வெச்சுடலாம். உங்க டிரான்ஸ்ஃபரும் அன்னிக்கே."

உள்ளே போனபோது ஒரு பூட்டு இருந்தது. வெளியே வரும்போது இரண்டாகிவிட்டது. தன்னைப் போல இன்னொரு ஆள் கிடைத்தால் போகலாம் என்று இருந்தது. இப்போது முதலில் அவளே அவளைப் போல ஆக வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

நியாயமாகத்தான் முயன்றாள். முதல் மாதம் முப்பத்தாறு வந்தது. அடுத்த மாதம் நாற்பது. அதற்கடுத்து முப்பத்தெட்டு. கவனமாகப் பார்க்கப் பார்க்க எல்லாப் பெட்டியிலும் எல்லாம் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. அந்தச் சாம்பல் அறை மூச்சை அடைக்க ஆரம்பித்தது. அதுவரை அப்படி இல்லை. ஜன்னல் இல்லாததை அவள் பெரிதாக நினைத்ததே கிடையாது. இப்போது நடுவில் கதவைத் திறந்துவைத்து வராந்தாவில் நின்றுவிட்டு வந்தாள். அங்கேயும் ஜன்னல் இல்லை என்பது வேறு விஷயம். பாதங்கள் தாமாகவே போய் அந்த நாடாவின்மேல் நிற்கும்போது, அவற்றின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

மகள் முன்பெல்லாம் போனில், "எப்பம்மா வருவே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இந்த முயற்சி நடந்த மூன்று மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துக் கதை சொல்லுவாள், சாப்பிட்டதைச் சொல்லுவாள், அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடுவாள். கேட்டபோது இருந்த வலியைவிடக் கேட்காதபோது வலி கூட என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் பாலிஷ்காரர். ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில், யாரோ வேறு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் ஆரம்பித்தார்.

"எனக்கு ஐம்பது பொட்டியும் தெரியும் மேடம். கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கினாலே இது எது, அது எதுன்னு சொல்லிடுவேன். ஒண்ணுக்கு அடி ஸ்க்ரூ கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஒண்ணுக்கு ரப்பர் கால் கோணலா இருக்கும். மொத தடவை நீங்க என்ன எழுதுறீங்கன்னு மனசுல வெச்சுக்கறேன்."

"சரி, வெச்சுக்கிட்டு?"

"ரெண்டாவது தடவை நீங்க ஆகும்னு எழுதின பொட்டியா இருந்தா முன்காலை நாடா மேல வெப்பேன். ஆகாதுன்னா ஒரு விரக்கடை தள்ளி வெப்பேன். அவ்வளவுதான்."

அந்த அறைக்குள் பார்ப்பவரும் தூக்குபவரும் தவிர மூன்றாவது ஆள் வரக் கூடாது, நிழல் விழும். சீட்டை வாங்கி வைக்கும் பெண் பக்கத்து அறையில் இருப்பாள். நாடாவில் இருந்து ஒரு விரல் அகலம் விலகுவது இந்த உலகத்தில் வேறு எவர் கண்ணிலும் படாது. ஆனால் அவள் கண்ணில் படும். அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பதினாலு வருஷத்தில் சிநேகிதத்துக்காக ஒரு பெட்டியை விட்டவள் இல்லை. வடிவப் பையன்களில் ஒருவன் அவள் சொந்த சித்தப்பா மகன். அவன் பெட்டியைத்தான் அதிகம் திருப்பி அனுப்பினாள். அப்படிப்பட்டவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிண்ணே" என்றாள். ஒப்புக்கொண்ட வேகத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் மேடம்," என்றார் அவர். "நாலு தப்பா எழுதிடுங்க. ஐம்பதுக்கு ஐம்பது மனுசனுக்கு வராது. நாப்பத்தாறு வந்தா யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. நீங்க உங்க வீட்டுக்கு, நான் இந்த வேலைக்கு."

"நாலு," என்று தலையாட்டினாள். எந்தெந்த இடத்தில் தப்புப் போடுவது என்றுகூடப் பேசி வைத்துக்கொண்டார்கள்: ஒன்பதாவதாக வருவது, இருபதாவது, முப்பத்து மூன்றாவது, நாற்பத்தெட்டாவது.

முதல் சுற்று முடிந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது சுற்று. பெட்டி வந்து உட்கார்ந்ததுமே அவள் கண் முன்காலுக்குப் போனது. நாடாமேல். ஆகும். ஒரு விரக்கடை தள்ளி. ஆகாது. அதுவரை இல்லாத அமைதி அவளுக்கு வந்தது. எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை என்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

ஒன்பதாவது பெட்டி வந்தது. விரக்கடை தள்ளி. ஆகாது என்று எழுத வேண்டியதை மாற்றி ஆகும் என்று எழுத வேண்டிய இடம். பென்சிலை எடுத்தாள். கண்ணாடியின் அடி மூலையில் நகம் வெட்டிப்போட்ட துண்டு மாதிரி ஒரு கீறல் இருந்தது. தெளிவாக இருந்தது. இதற்குப் போய் ஆகும் என்று எழுதுவதா? கை நின்றது. மணி அடித்தது. அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகாது என்று எழுதினாள்.

இருபதாவது நல்ல பெட்டி. மூலை இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. பெயின்ட் தண்ணீர் மாதிரி இருந்தது. அதை ஆகாது என்று தள்ள வேண்டும். அது என்ன பாவம் செய்தது? ஆகும் என்று எழுதினாள். பாலிஷ்காரர் தொண்டையைக் கனைத்தார். முப்பத்து மூன்றாவதிலும் கனைத்தார், இன்னும் கொஞ்சம் பலமாக. நாற்பத்தெட்டாவது வந்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆகாது என்று எழுதவே எழுதிவிட்டாள். சீட்டில் அந்த ஒரு வார்த்தை தப்பாக உட்கார்ந்திருந்தது. அடுத்த பெட்டியை அவளால் பார்க்கவே முடியவில்லை. கண் திரும்பத் திரும்ப அந்த வரிக்கே போனது. ஐம்பதாவது முடிந்து சீட்டைக் கொடுக்கப் போனவள், வாசலில் நின்று, ரப்பரை எடுத்து அதை அழித்து, ஆகும் என்று திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அழித்த இடத்தில் காகிதம் லேசாகப் புடைத்திருந்தது. அதையும் நகத்தால் தடவிச் சமன் செய்தாள்.

ஐம்பதுக்கு ஐம்பது.

மேலாளர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். சீட்டை வாடிக்கையாளர் கம்பெனிக்கு அன்றைக்கே அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவரே படித்துக் காட்டினார். இப்படி ஒரு கண்ணை அவர்கள் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லையாம். அடுத்த மூன்று வருஷத்துக்கு வரும் எல்லாப் புது மாதிரிக்கும் இந்தக் கண்தான் அளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்களாம். மற்ற தொழிற்சாலைகளின் மாதிரிகளும் இனி இங்கேதான் வருமாம்.

"என் டிரான்ஸ்ஃபர் சார்?"

மேலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது இப்போதைக்கு முடியாது மேடம். நீங்களே யோசிச்சுப் பாருங்க. நாப்பத்தஞ்சுன்னா நாப்பத்தஞ்சு வாங்குற இன்னொருத்தரைக் கண்டுபிடிச்சுடலாம். ஐம்பதுக்கு நான் எங்க போவேன்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அவள் வேலை போகும், பாலிஷ்காரருடையதும் போகும், அந்த நெஞ்சோடு அவர் திரும்பவும் பாலிஷ் வாளியைத்தான் தூக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். இனிப்பை ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியபோது பாலிஷ்காரர் புது மாதிரி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் தூக்கி வைக்கும் தற்காலிக ஆள்தான், இனியும்.

"நாலுதானே மேடம் கேட்டேன்," என்றார். கோபமில்லை. அலுப்புத்தான்.

"முடியலண்ணே."

சாயங்காலம் புருஷனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல், பாலிஷ்காரர், விரக்கடை, ரப்பர் எல்லாவற்றையும் சொன்னாள். அச்சு மெஷினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருஷம் இருந்ததால் புருஷனுக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்டதா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"கேக்குதாங்க?"

"கேக்குது. மூணு வருசமா?" என்றார்.

"ம்."

"பாப்பாவுக்கு ஒரு அலமாரி வாங்கணும்னு ஆறு மாசமா இருக்கு. அது துணியெல்லாம் நாற்காலி மேலயே கெடக்கு. நீ வந்து பாத்து வாங்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்."

"நல்ல அலமாரியா பாருங்க. கதவு ரெண்டும் ஒரே..."

"இல்ல," என்றார் அவர். திட்டும் குரல் இல்லை அது, சாதாரணமாகத்தான் சொன்னார். "நாளைக்குப் போயி நானும் பாப்பாவும் எது இருக்கோ அத வாங்கிட்டு வந்துடறோம். கோணலா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். நீ அத இங்க வந்து பாக்கவா போறே?"

அவர் போனை மகளிடம் கொடுத்தார். மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.